ஆமாடப்பெட்டிக்குள் இருந்த காசு

திருவனந்தபுரத்தில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளிடம் ஆமாடப்பெட்டி என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். நகை வைக்கிற பழைய மரப்பெட்டி, கூரை மாதிரி மூடி போட்டது, பித்தளைப் பூண் கட்டியது என்று சரியாகவே சொல்லிவிடுவார்கள். நாட்டியக்காரர்கள் வைத்திருப்பார்கள், பழைய தறவாட்டு வீடுகளில் இருக்கும் என்பதும் தெரியும். ஆனால் பெட்டிக்கு முன்னால் நிற்கிற அந்த 'ஆமாட' என்ன என்று கேட்டால், பிள்ளைகள் இருக்கட்டும், நாமே விழிப்போம்.

அது ஒரு காசின் பெயர். மலையாள நாட்டில் அடித்த காசும் அல்ல. இத்தாலியில், கடலுக்குள் கட்டப்பட்ட வெனிஸ் நகரத்தில் அடிக்கப்பட்ட பொற்காசு. ஆங்கிலத்தில் டுகாட் என்றும் செக்வின் என்றும் சொல்வார்கள். மிளகு வாங்கக் கொடுத்த விலையாக இந்தக் கரைக்கு வந்து, பெண்கள் கழுத்தில் மாலையாகி, மாலையை வைக்கிற பெட்டிக்கும் பெயராகி நின்றுவிட்டது.

இதே காசுக்குத் தென்தமிழ்நாட்டில் வேறொரு பெயர் உண்டு. எனக்கு முதலில் தெரிந்தது அந்தப் பெயர்தான். என் ஆச்சி திசையன்விளைப் பக்கத்துக்காரி. தேரிக்காடும் பனையும் தவிர வேறொன்றும் கண்ணில் படாத சீமை. ஆச்சியின் கழுத்தில் பதினொரு காசு கோத்த மாலை ஒன்று கிடந்தது. மடியில் படுத்துக்கொண்டு ஒவ்வொரு காசாகத் திருப்பிப் பார்ப்பது எனக்குப் பொழுதுபோக்கு. "பாரு, பனையேறி நிக்கான். இது பனையேறிக் காசு" என்பாள். உண்மையிலேயே அப்படித்தான் இருக்கும். நடுவில் நெட்டுக்குத்தாக ஒரு தண்டு, உச்சியில் ஏதோ விரிந்திருக்கும், தண்டைப் பிடித்தபடி ஒரு ஆள் முழங்காலை மடக்கி நிற்பான், எதிரே இன்னொரு ஆள். பனங்காட்டில் பிறந்த கண்ணுக்கு அது பனைமரம் இல்லாமல் வேறு என்னவாக இருக்க முடியும்?

புத்தகங்களில் இந்தக் காசுக்கு 'சாணார் காசு' என்ற பெயர் பதிவாகியிருக்கிறது. அந்தக் காலத்தில் பனைத்தொழில் செய்த மக்களை அழைத்த பெயர் அது. அந்த மக்களின் முன்னோர் நாடாண்டபோது அடித்த காசு என்று ஒரு கதையும் இதையொட்டி எழுந்தது. படம் இருக்கிறது, பனை இருக்கிறது, பொன்னாகவும் இருக்கிறது; அரசன் அடித்ததாகத்தானே இருக்கவேண்டும் என்ற எண்ணம்.

சரி, படத்தில் இருப்பது யார்? தண்டு என்பது கொடிக்கம்பு. உச்சியில் விரிந்திருப்பது கொடி. நிற்பவர் வெனிஸ் நகரத்தின் காவல் புனிதரான மாற்கு. அவர் கையிலிருந்து கொடியை மண்டியிட்டு வாங்கிக்கொள்பவர் அந்நகரத்துத் தலைவர். டோஜ் என்பது அவருடைய பதவிப் பெயர். கம்பை ஒட்டி மேலிருந்து கீழாக மூன்று லத்தீன் எழுத்துகள், தலைவர் என்று பொருள்படும் 'டக்ஸ்'. ஆச்சி அதைப் பனைமரத்துச் செதில் என்று நினைத்திருப்பாள். காசின் மறுபக்கத்தில் நீள்வட்டம் ஒன்று, சுற்றிலும் நட்சத்திரங்கள், நடுவில் இயேசுநாதர் நிற்கிறார்.

இந்த மறுபக்கம் கேரளத்தில் இன்னொரு கதையைப் பெற்றெடுத்தது. நெடுமங்காட்டில் இருக்கிற கோயிக்கல் அரண்மனைக் காட்சிச்சாலையைப் பற்றிய சுற்றுலாக் குறிப்புகளில், இயேசுநாதருக்கே காணிக்கையாகக் கொடுக்கப்பட்டதாக நம்பப்படும் 'அமைடா' என்ற காசு அங்கே இருப்பதாகச் சொல்வார்கள். இது நம் ஆமாடதான் என்பது என் எண்ணம். காசில் இயேசு இருக்கிறார், ஆகவே இயேசுவுக்குக் கொடுத்த காசு என்று யாரோ சொல்லி, அது நிலைத்திருக்க வேண்டும். வெனிஸ் இந்தக் காசை முதலில் அடித்தது 1284ஆம் ஆண்டில், ஜியோவானி தாண்டலோ என்ற டோஜின் காலத்தில். ஆகவே காணிக்கைக் கதை நிற்காது. நிற்காவிட்டாலும் அதைத் தூக்கிப் போட எனக்கு மனமில்லை. ஒரே காசின் ஒரு பக்கத்தைப் பார்த்துப் பனங்காடு ஒரு கதை சொல்லியது, மறுபக்கத்தைப் பார்த்து மலைநாடு ஒரு கதை சொல்லியது. காசு சேர்ப்பவர்கள் இரண்டையும் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்: காசைப் பற்றிய உண்மை ஒரு பத்தியில், காசைப் பற்றி நம்மவர்கள் நம்பியது அடுத்த பத்தியில்.

இத்தாலிக்காரன் காசு இங்கே ஏன் இவ்வளவு வந்தது? காரணம் எளிது. இங்கே உள்ளது அவனுக்கு வேண்டும். அவனிடம் உள்ளது நமக்கு அவ்வளவாக வேண்டாம். மிளகு, இஞ்சி, ஏலம், முத்து, துணி எல்லாம் இங்கிருந்து போயின. அங்கிருந்து வர என்ன இருக்கிறது? 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டு சாமூதிரிக்குப் பரிசாகத் துணியும் தொப்பியும் சர்க்கரையும் தேனும் எடுத்து வைத்தபோது, அரண்மனை அலுவலர்கள் சிரித்துவிட்டார்கள். மக்கத்திலிருந்து வருகிற ஏழை வியாபாரிகூட இதைவிட அதிகம் கொடுப்பான், கொடுப்பதானால் பொன் கொடு என்றார்களாம். அவன் கூட வந்தவர்களில் ஒருவர் எழுதிய நாட்குறிப்பிலேயே இது இருக்கிறது. தம் ஆளைப் பார்த்துச் சிரித்த கதையைத் தாமே எழுதி வைத்ததால் நம்பலாம்.

அந்தப் பொன் வெனிஸிலிருந்து நேரே வரவில்லை. வெனிஸ் வணிகர்கள் எகிப்தில் அலெக்சாந்திரியா துறையில் மிளகு வாங்கக் காசு கொடுத்தார்கள். அங்கிருந்து கெய்ரோ, செங்கடல், ஏடன் என்று அரபு வணிகர் கைகள் பல மாறி இந்தக் கரை சேர்ந்தது. வழியில் எத்தனையோ நாட்டுக் காசுகள் இருக்க, இதற்கு மட்டும் இவ்வளவு மதிப்பு ஏன்? எடை சுமார் மூன்றரை கிராம், பொன் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல். 1284 தொடங்கி 1797இல் நெப்போலியன் வெனிஸ் குடியரசை முடித்துவைக்கும் வரை, ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக, எடையும் மாற்றும் படமும் ஏறக்குறைய மாறாமல் நின்றன. எழுத்து வாசிக்கத் தெரியாதவனுக்கும் படத்தைப் பார்த்தால் போதும். நம் தட்டார்களும் சும்மா இருக்கவில்லை. மாலை கோப்பதற்காக இதைப் பார்த்து உள்ளூரிலேயே செய்தார்கள். அப்படிச் செய்தவற்றில் ஆட்கள் பொம்மை மாதிரி விறைத்து நிற்பார்கள். லத்தீன் எழுத்துகள் வெறும் கோடுகளும் புள்ளிகளுமாக இருக்கும். ஆச்சியின் மாலையில் எத்தனை வெனிஸ் காசு, எத்தனை உள்ளூர்க் காசு என்று இப்போது பார்க்க வழியில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பொன்னைக் கொடுத்து மிளகு வாங்குகிற இந்தக் கணக்கு வெனிஸ்காரன் தொடங்கியது அல்ல. அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ரோமாபுரி இதே கணக்கில் சிக்கிக்கொண்டது. முசிறித் துறையில் யவனர் மரக்கலங்கள் பொன்னை இறக்கிவிட்டு மிளகை ஏற்றிச் சென்றதை அகநானூற்றின் 149ஆம் பாட்டு சொல்கிறது. அந்தப் பக்கத்துச் சாட்சி பிளினி என்ற ரோமானிய ஆசிரியர். இந்தியா, சீனம், அரேபியா மூன்றும் சேர்ந்து ஆண்டுதோறும் பத்துக் கோடி செஸ்டர்ஸ் நம்மிடமிருந்து கொண்டுபோகின்றன என்று முதல் நூற்றாண்டிலேயே புலம்பினார். செஸ்டர்ஸ் அவர்கள் நாணயம்.

அவர் புலம்பிய பொன் எங்கே போயிற்று என்பதற்குக் கேரள மண்ணிலேயே விடை இருக்கிறது. எர்ணாகுளம் மாவட்டத்தில் வடக்கன் பறவூருக்குப் பக்கம் வள்ளுவள்ளி என்ற ஊரில் 1983இல் 252 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. முசிறி இதுவாக இருக்கலாம் என்று 2007 முதல் அகழாய்வு நடந்த பட்டணம் அங்கிருந்து அதிக தூரமில்லை. திருச்சூர்ப் பக்கம் எய்யாலில் கிடைத்த புதையலில் ரோமானியக் காசுகளோடு நம் நாட்டு வெள்ளி முத்திரைக் காசுகளும் கலந்திருந்தன. இரண்டும் ஒரே பையில் புழங்கின என்று தெரிகிறது. தமிழ்நாட்டில் புதுக்கோட்டைச் சீமையில் 1898இல் கிடைத்த 501 பொற்காசுகள் இன்னும் விசித்திரமானவை. பெரும்பாலானவற்றில் அரசன் முகத்தின் குறுக்கே உளியால் ஒரு வெட்டு விழுந்திருக்கிறது. இனி இது காசு அல்ல, வெறும் பொன் என்று காட்டுவதற்காக வெட்டினார்கள் என்பது பலரும் ஒப்புகிற விளக்கம்.

இன்னொரு காசைச் சொல்லாமல் இருக்க முடியாது. கரூரில் அமராவதி ஆற்று மணலில் கிடைத்த சேரர் வெள்ளிக்காசு அது. ரோமானியச் சக்கரவர்த்தி காசில் இருப்பதைப்போலவே பக்கவாட்டில் ஒரு அரசன் தலை. மேலே தமிழ் பிராமி எழுத்தில் 'மாக்கோதை' என்ற பெயர். வந்த காசைப் பார்த்து, நம் தலையையும் இப்படி அடித்தால் என்ன என்று சேர மன்னன் நினைத்திருக்கிறான்! இதை அடையாளம் கண்டு எழுதியவர் 'தினமலர்' ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி (1933-2021). சங்ககாலத்து மூவேந்தரும் காசு அடித்தார்கள் என்பதை நிலைநாட்டியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அவருடைய தந்தையார் டி.வி. ராமசுப்பையர் 1951இல் அந்தப் பத்திரிகையைத் தொடங்கியது நம் திருவனந்தபுரத்தில்தான். கன்னியாகுமரி தமிழகத்தோடு சேர்ந்த பிறகே அது திருநெல்வேலிக்குப் போயிற்று. நம் ஊரில் பழைய தமிழ்க் குடும்பங்கள் இதை நினைவு வைத்திருக்கும்.

இனி திருவிதாங்கூர்க் காசுக்கு வருவோம். நம்மில் பலர் வீட்டில் உண்மையாகவே கிடைக்கக் கூடியது இதுதான். எங்கள் குடும்பம் சாலைக் கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்துப் பிழைத்தது. கடை மூலையில் ஒரு மரப்பலகை கிடந்தது. வெற்றிலைத் தட்டு அளவு, மேலெல்லாம் வரிசை வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள், ஓரத்தில் பிடி. பல்லாங்குழியின் குட்டி என்றுதான் நினைத்திருந்தேன். அப்பாதான் ஒருநாள் விளக்கினார். அது சக்கரப் பலகை. திருவிதாங்கூர் வெள்ளிச் சக்கரம் என்பது ஒரு மிளகை நசுக்கினால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவுதான். விரலால் எண்ணினால் விடிந்துவிடும். கைப்பிடி சக்கரத்தை அள்ளிப் பலகையில் கொட்டி, மெல்ல ஒரு குலுக்குக் குலுக்கினால் குழிக்கு ஒன்றாக உட்கார்ந்துகொள்ளும். மிச்சத்தை வழித்துவிட்டால் போதும். குழி எத்தனை என்று தெரியும், ஆகவே சக்கரம் எத்தனை என்றும் தெரியும். கணக்குப்பிள்ளைக்கு இதைவிட நல்ல யந்திரம் வேண்டாம்.

வாய்பாடு இப்படி: 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். அதாவது திருவிதாங்கூர் சர்க்கார் ரூபாய்க்கு 28 சக்கரம். ஆனால் பிரிட்டிஷ் ரூபாய்க்கு 28 சக்கரமும் 8 காசும் கொடுக்க வேண்டும். இந்த அரைச் சக்கர வித்தியாசம் ஆரல்வாய்மொழியைத் தாண்டித் திருநெல்வேலிச் சீமைக்கு வியாபாரம் செய்தவர்களை எவ்வளவு படுத்தியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அங்கே சரக்கு எடுக்கப் பிரிட்டிஷ் ரூபாய், இங்கே விற்றால் சக்கரம். 1949இல் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றானதோடு சக்கரத்தின் காலம் முடிந்தது. அப்பா தலைமுறைக்காரர்கள் அதற்குப் பிறகும் வெகுநாள் மனத்துக்குள் சக்கரமாகக் கணக்குப் போட்டுத்தான் வாயால் அணாவாகச் சொன்னார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. வீட்டில் சங்கு போட்ட ஒரு வெள்ளிக்காசு கிடைத்து, அதில் 1116 என்று இருக்கக் கண்டு, ஆயிரம் ஆண்டுக் காசு என்று துள்ளியவர்களைப் பார்த்திருக்கிறேன். அது கொல்லம் ஆண்டு. ஆவணியில் பிறக்கிற இந்த ஆண்டோடு 824ஐயோ 825ஐயோ கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். 1116 என்பது 1940-41. ஸ்ரீ சித்திரைத் திருநாள் மகாராஜா காலத்துச் 'சித்திரா' அரை ரூபாய். சேர்த்து வைக்க நல்ல காசு. ஆனால் உங்கள் தாத்தா அதைக் கொடுத்துப் பலகாரம் வாங்கியிருப்பார்.

நாம் பேசுகிற பேச்சிலும் வணிகக் காசுகள் ஒளிந்திருக்கின்றன. துட்டு என்பது 'டாய்ட்' என்ற டச்சுச் செப்புக்காசு. வி, ஓ, சி என்ற மூன்று எழுத்தும் ஒன்றுக்குள் ஒன்றாகப் பின்னிய அவர்கள் கம்பெனி முத்திரையோடு இந்தக் கரையெங்கும் கிடைக்கும். மார்த்தாண்டவர்மா 1741இல் குளச்சலில் தோற்கடித்தது இந்தக் கம்பெனியைத்தான். கம்பெனி போயிற்று, துட்டு நின்றது. நகைக்கடையில் ஒரு பவுன் என்கிறோமே, அது பவுண்டு என்ற இங்கிலாந்துப் பொற்காசு. அதன் எடை 7.98 கிராம், அதுதான் எட்டுக் கிராமாயிற்று. நம் பக்கத்திலிருந்தும் சொற்கள் போயிருக்கின்றன. திருவிதாங்கூர் 'பணம்' வெள்ளைக்காரன் ஏட்டில் 'ஃபனம்' ஆயிற்று. 'காசு' என்ற நம் சொல் போர்ச்சுக்கீசியர் வாய்வழி 'கேஷ்' ஆகி, செப்புக்காசின் பெயராக ஆங்கிலத்தில் ஏறியது.

இப்போது ஆச்சியின் மாலை. என் அத்தை மகள் கல்யாணத்துக்கு நகை செய்ய வேண்டியிருந்தது. பதினொரு காசையும் ஒரு நகைக்கடையில் கொடுத்தார்கள். உரைத்துப் பார்த்தவர், நல்ல மாற்று என்று பாராட்டி, எடைக்குக் கணக்குப் போட்டு எடுத்துக்கொண்டார். தவறாக ஒன்றும் செய்யவில்லை; ஒவ்வொன்றும் அரைப் பவுனுக்கும் குறைவு, அந்த எடைக்கு உரிய பொன்விலை கொடுத்தார். அன்று சாயங்காலத்துக்குள் பதினொன்றும் உருகியிருக்கும். அந்தக் காசுகள் எவை என்று நான் தெரிந்துகொண்டது அதற்குப் பல ஆண்டுகள் கழித்து, ஒரு புத்தகப் படத்தில் பனையேறியைப் பார்த்தபோதுதான். ஒரு காசைக்கூட நாங்கள் எடுத்து வைக்கவில்லை. ஒரு போட்டோகூட இல்லை.

அதனால்தான் இதை எழுதுகிறேன். நாஞ்சில் நாட்டிலிருந்தும் நெல்லையிலிருந்தும் தஞ்சைப் பக்கமிருந்தும் வந்து கரமனையிலும் வலியசாலையிலும் கோட்டைக்குள்ளும் குடியேறிய நம் குடும்பங்களில், பெட்டிக்கு அடியில் இரண்டு மூன்று காசாவது கிடக்கும். விற்கத்தான் வேண்டுமென்றால் விற்க முன் இரு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். யார் கொண்டுவந்தது, எந்த ஊரில் வாங்கியது, வீட்டில் என்ன பெயர் சொல்வார்கள் என்பதை, இன்னும் சொல்ல ஆள் இருக்கும்போதே ஒரு தாளில் எழுதிக் காசோடு வையுங்கள். புளி போட்டுத் தேய்க்காதீர்கள். செம்பிலும் வெள்ளியிலும் படிந்த நிறம் போனால், தேடுகிறவன் கண்ணில் பாதி மதிப்புப் போனது மாதிரி. கிழக்கிந்தியக் கம்பெனி 1818 என்று போட்டு ராமர் பட்டாபிஷேகமும் அனுமாரும் உள்ள செப்புக்காசு உங்களிடம் இருந்தால் பூஜை அறையில் வைத்துக் கும்பிடுங்கள். கம்பெனி அப்படி ஒரு காசு அடிக்கவே இல்லை. லட்சம் தருகிறேன் என்று யாராவது போனில் சொன்னால், முன்பணம் கேட்கிற இடத்தில் வைத்துவிடுங்கள்.

சட்டமும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டைக் கடந்த காசு தொல்பொருள். வளைகுடாவிலோ அமெரிக்காவிலோ இருக்கிற மகனுக்குக் கொடுத்தனுப்பலாம் என்று பெட்டியில் போட்டுவிடாதீர்கள். வீடு கட்ட வாணம் தோண்டும்போது மண்ணுக்குள் கிடைத்தால் அது வேறு விஷயம். கேரளத்தில் 1968இலேயே புதையல் சட்டம் இருக்கிறது. ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

அப்படித் தெரிவித்தவர்களும் உண்டு. 2024 ஜூலையில் கண்ணூர் மாவட்டம் செங்களாயியில் வேலையுறுதித் திட்டத்தில் மழைநீர்க் குழி வெட்டிக்கொண்டிருந்த பெண்களுக்கு ஒரு குடம் தட்டுப்பட்டது. முதலில் வெடிகுண்டோ என்று பயந்தார்கள். உள்ளே இருந்தவை முத்துமணிகள், பதக்கங்கள், மோதிரங்கள், கோழிக்கோட்டு வீரராயன் பணம், பிரெஞ்சுக்காரர் காலத்துக் காசு, இவற்றோடு காசுமாலையில் கோத்த வெனிஸ் காசுகளும். யாரும் மடியில் முடியவில்லை, அதிகாரிகளிடம் ஒப்படைத்தார்கள். அந்தக் கூலிப்பெண்களை நினைக்கும்போதெல்லாம் எங்கள் வீட்டு மாலை ஞாபகத்துக்கு வருகிறது.

இப்போதும் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் நெடுமங்காட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வரலாம். நகரத்திலிருந்து சுமார் பதினெட்டுக் கிலோமீட்டர். கோயிக்கல் அரண்மனை என்பது பெயருக்குத்தான் அரண்மனை, நாலு பக்கமும் தாழ்வாரம் வைத்த பழைய பெரிய வீடு. பதினேழாம் நூற்றாண்டில் வேணாட்டை ஆண்ட உமையம்மை ராணியோடு தொடர்புடையது. 1992இல் நாட்டார் கலை, நாணயக் காட்சிச்சாலையாக்கினார்கள். அனந்தராயன் பணம், கலியுகராயன் பணம், கொச்சியின் ஒற்றைப்புத்தன், இரட்டைப்புத்தன், ரோமானியப் பொற்காசுகள் எல்லாம் அங்கே பெயரோடு இருக்கின்றன. நான் போனபோது முதலில் தேடியது ஆமாடயைத்தான். பக்கத்தில் நின்ற சிறு பையன் ஒருவன் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, "அம்மா, இதில் ஒரு ஆள் கொடிமரத்தில் ஏறுகிறான்" என்றான்.